மில்லடி றான்ஸ்போமரும் என் மொட்டைக் கடிதமும்

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதியும் இருக்கிறது, நடந்தது முன்பின்னாக வரலாம்.

முல்லைத்தீவில் கடலுக்குக் கிட்ட எங்கள் வளவு. வேலிக்கு வெளியே இரண்டு தூணில் றான்ஸ்போமர். அதற்கு அங்கால் பக்கத்து வீட்டுக்காரியின் மா அரைக்கிற மில். புருசன் இல்லாதவ. அந்த மில்தான் அவவுக்குச் சோறு.

தை மாதம் பனி கொட்டத் தொடங்க, விடியப்புறத்தில் றான்ஸ்போமர் பொரிந்தது. தாச்சியில் கடுகு போட்ட மாதிரி. மேலே நீலமாக ஒரு மினுக்கம். வெயில் ஏறினால் சத்தமில்லை. அவ மில்லைப் போடுவதும் விடியப்புறம்தான். கொக்கி போட்டுக் களவாகக் கறண்ட் எடுக்கிறா என்று நினைத்தேன். வேலிப் பொட்டுக்குள்ளால் நாலு நாள் பார்த்தேன். வயர் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது இன்னும் சந்தேகமாக இருந்தது. நேரே கேட்க வெட்கம். பேர் போடாமல் கறண்ட் கந்தோருக்குக் கடிதம் எழுதினேன்.

கந்தோரிலிருந்து லைன்மனோடு வந்து பார்த்தவர்கள், விசாரித்து முடியும்வரை மில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"ஆரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கினம் அக்கா," என்று அவ வேலியடியில் வந்து சொன்னா. "எழுதின கை புழுத்துப் போகோணும்."

நான் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த விடியலும் பொரிந்தது. மில் கதவில் பூட்டு. உள்ளுக்கு ஏதும் ரகசியமாக ஓடுகிறதோ என்று சுவரில் காது வைத்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

லைன்மன் திரும்பி வந்த அன்று நானே படலையைத் திறந்து போனேன். அவவும் அங்கே நின்றா.

"தம்பி, மில் பூட்டு. ஆனா சத்தம் கேக்குது," என்றேன்.

"எப்பெப்ப கேக்குது அம்மா?"

"பனிக்கும் தூறலுக்கும். பெருமழை பெய்தா ரெண்டு மூண்டு நாள் கேக்காது."

அவர் அண்ணாந்து பார்த்தார். "மழை கழுவி விடுது. இது களவில்லை அம்மா, ஊத்தை."

கறண்டை நிற்பாட்டி ஏறினார். கறண்ட் கம்பி றான்ஸ்போமருக்குள் இறங்குகிற இடத்தில், கோப்பைகளைக் கவிழ்த்து அடுக்கின மாதிரி மூன்று பீங்கான், அதுகளுக்குப் பேர் புஷிங்காம். துடைத்த சீலை சாம்பல் நிறமாக வந்தது.

"மில் மாவோ?" என்று கேட்டேன். அப்பவும் விட மனமில்லை.

"கடலுப்பும் புழுதியும். பனியில நனைஞ்சா அதுக்கு மேலால கறண்ட் ஊருது. இஞ்ச, ஒண்டில ஊத்தைக்குக் கீழ மயிர் மாதிரி வெடிப்பு. கருகியும் கிடக்கு."

அந்தப் பீங்கானை மாற்றினார். மில் ஓடலாம் என்றும் சொன்னார்.

அவ என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா. "பனி, தூறல், எல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறியள். அப்ப கடிதம்?"

"ஓம் பிள்ளை. நான்தான்."

அவ போய் மில் பூட்டைத் திறந்தா.

வெடித்தது நடுப் பீங்கானோ கரைப் பீங்கானோ என்று எனக்கு நிச்சயமில்லை. ஆராவது அந்த லைன்மனைக் கண்டால் கேட்டுத் திருத்திவிடுங்கோ. அவவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.