நிலாவில் பேர் உள்ள அரபுக்காரர்

பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் பதுளையில் நமுனுகுல பஸ் ஏறினோம், நானும் என் மனைவி செல்லமும். டிக்கெட் ஆளுக்கு நூற்றெண்பது ரூபாய்; தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். மடியில் துணி சுற்றிய டெலஸ்கோப். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு, கொழும்புக்கு நானே போய் வாங்கியது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு மூட்டை தூக்கியவன், இன்றைக்கு மூன்று கடைக்கு முதலாளி; ஜே.பி. என்ற சமாதான நீதவான் பட்டமும் உண்டு. பதுளையில் என்னைத் தெரியாதவர் இருந்தால் அவர் நேற்று வந்தவர்.

பசறை தாண்டியதும் கண்டக்டர் கேட்டான்: "என்ன மொதலாளி, மடியில பீரங்கியா?"

"நிலா பாக்குற சாமான்."

"நிலாவ சும்மாவே பாக்கலாமே."

"இவருக்குச் சும்மா பாத்தா போதாது தம்பி. இவரு பேரும் அதுல இருக்கணும்" என்றாள் செல்லம்.

உண்மைதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பிறகு என் பேரைச் சொல்ல ஆளில்லை. அந்தப் பள்ளியின் விஞ்ஞான டீச்சர் வசந்தி, போனில் அல்பத்தானி என்ற அரபுக்காரரைப் பற்றிச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு இந்தக் கண்ணாடி எதுவும் இல்லாமலே சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து வருஷத்தின் நீளத்தைக் கணக்குப் போட்டவராம். நிலாவில் ஒரு பள்ளத்துக்கே அவர் பேராம். எனக்கு நிலா வேண்டாம், டெலஸ்கோப் போதும் என்று தீர்மானித்து, கோயில் டியூப் லைட்டுகளுக்குப் பேர் எழுதும் பெயின்டரிடம் கொடுத்து எழுதி வாங்கினேன்.

இரண்டேகாலுக்கு இறங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம் நடந்தோம். ஐந்தேகாலுக்குப் பாதி நிலா தலைக்கு மேல் வெள்ளையாக நின்றது. பாதி நிலாவன்றுதான் அந்தப் பள்ளம் நன்றாகத் தெரியும் என்று டீச்சர் நாள் பார்த்திருந்தார். நாற்பது பிள்ளைகள் வரிசையில். பின்னால் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள்.

டீச்சர் முன்மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். முன்கண்ணாடியை அடைத்துச் சிவப்புப் பெயின்டில், 'உபயம்: வீ. ஆறுமுகம், ஜே.பி., பதுளை.'

"முன்னால எழுதுனாத்தானே டீச்சர் தெரியும்?"

"தெரியுதுங்க. நிலாவத்தான் காணோம்."

நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். மங்கலாக ஒரு சிவப்பு, வேறொன்றும் இல்லை.

"புதுப் பெயின்ட்டுதான். ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா வந்துரும்" என்றார் டீச்சர். கீழே பசறைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அது வந்து சேர்ந்தால் இன்றைக்கு யாருக்கும் நிலா இல்லை.

செல்லம் டீச்சரிடம் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "நான் தொடைக்கட்டுமா?"

"வேணாம். பஞ்சக் குடு."

என் பேரை நானே துடைத்தேன். 'ஜே.பி.' கடைசியில்தான் போனது.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பிறகு எனக்கு முறை வந்தது. நிலாவின் வெளிச்சம் முடிகிற ஓரத்தில் வட்டமாக ஒரு பள்ளம், நடுவில் சின்னதாக ஒரு குன்று.

எனக்குப் பின்னால் பார்த்த, கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்கா கேட்டார்: "அந்த அரபுக்கார மனுசனுக்குப் புள்ளைங்க இருந்துச்சா டீச்சர்?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா, தான் பாத்தத, பின்னால வர்றவங்க திரும்பப் பாக்கணும், பிழை இருந்தா திருத்தணும்னு எழுதி வச்சிட்டுப் போனாராம். ஆயிரம் வருசமா ஆளுக மாறி மாறி அதைத்தான் செய்யுறாங்க."

செல்லம் என் கையைப் பிடித்தவள், மூட்டம் வந்து நிலாவை மூடும்வரை விடவில்லை.

ஏழு மணிக்குத் திரும்பும் பஸ். பக்கத்து சீட்டில், தக்காளிக் கூடையோடு ஒரு மரக்கறி வியாபாரி. பசறையில் வானம் தெளிந்திருந்தது. ஜன்னலால் தலையை நீட்டி அவருக்கு நிலாவைக் காட்டி, அல்பத்தானியின் கதையைத் தொடங்கினேன். பதுளை வரும்வரை மனிதர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தார். இறங்கி நடக்கும்போது செல்லம் சொன்னாள்:

"என்னங்க, அந்த ஆளுகிட்ட நீங்க யாருன்னு சொல்லவே இல்லையே."