ஆட்ரி தலைமேல் சத்தியம்

என் அக்காள் மகள் ஆட்ரி போன மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள்.

"மாமா, அப்பா செத்து ஒரு வருசம் ஆவப் போவுது. பூசையில குடுக்கிற சின்ன புக்குக்கு நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுவாரு, ஜாலியானவரு, குடும்பத்து மேல உசுரா இருப்பாருன்னு போடுங்க. அம்மாகிட்ட நான் அப்புறம் சொல்லிக்கிறேன் லா."

அவள் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் அதை எழுத என்னைப் போய்க் கேட்டாளே. அவள் அப்பா அலெக்சாண்டரைச் சுட்டவன் நான். பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், பன்றி வேட்டைக்குப் போன இடத்தில், என் பெயரில் லைசென்ஸ் இருந்த துப்பாக்கியால். தவறுதலாக நடந்தது என்று கோர்ட்டில் முடிந்தது. அபராதம் போட்டார்கள், துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். என் அக்காள் டோரின் என்னை மன்னித்துவிட்டாள். செத்துப்போன புருஷனைத்தான் அவள் மன்னிக்கவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த அவர் படத்தைக் கழற்றி, அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டாள்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு பக்கத்தில் முடியவில்லை.

அலெக்சாண்டர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பெடாஸிலிருந்து லோபாக் வரைக்கும் அவர் கை நனைக்காத வீடு கிடையாது. எதிரே தெரிந்தவர் யாராவது வந்தால் நடு ரோட்டில் லோரியை நிறுத்திப் பேசுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் இறங்கிப் போய் அவனிடமும் பேசுவார். கிறிஸ்துமசுக்கு அவர்தான் தாத்தா. அந்தப் பஞ்சுத் தாடிக்குள் வேர்த்து ஊற்ற, தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் லோரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்றுவார்.

எங்கள் உறவு அடியில்தான் ஆரம்பித்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டோரின் அவர் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்ததாக ஒருவன் வந்து சொன்னான். மறுநாள் சந்தியில் காத்திருந்து, மோட்டாரோடு அவரை இழுத்துத் தள்ளி வாயில் ஒரு குத்து விட்டேன். முன்பல் உடைந்தது. அவர் அதை உள்ளங்கையில் துப்பி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், இந்தப் பல்லுக்கு நீதான் பொறுப்பு" என்றார்.

கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை, அதற்குள் மச்சானாம். எனக்கு இன்னும் ஆத்திரம் வந்து இன்னொன்று விட்டேன். பிறகு அந்த இடத்தில் வெள்ளிப் பல் கட்டிக்கொண்டார். பார்க்கிற ஆளிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டி, "இது நெல்சன் உபயம்" என்பார். இருபது வருடம் அப்படியே சொல்லிச் சிரித்து என் மானத்தை வாங்கினார்.

அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். லோபாக்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கூட்டத்துப் பையன்களுக்குள் முறைப்பு வந்து நாற்காலி பறந்தது, ஹெல்மெட் பறந்தது. ஒருவன் பாராங் கத்தியை உருவிக்கொண்டு மணமேடைப் பக்கம் ஓடினான். அலெக்சாண்டர் சோறு அள்ளும் இரும்புக் கரண்டியைத் தூக்கி அவன் முழங்கையில் போட்டார். இன்னொரு கையில் மைக் இருந்தது. எலும்பு முறிந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து ஒருவன் ஹெல்மெட்டால் அடித்து அவர் மண்டையும் பிளந்தது. இரத்தம் சட்டையில் ஒழுக, அதே மைக்கில், "பொண்ணு வீட்டுக்காரவங்க மொதல்ல சாப்பிட வாங்க, சோறு ஆறுது" என்றார். சிரித்துவிட்டார்கள். சண்டை அதோடு நின்றது.

அவருடைய பெரிய வித்தை உறுமல். ஆண் பன்றி கோபத்தில் உறுமுவதை அடிவயிற்றிலிருந்து அப்படியே கொண்டுவருவார். வேட்டை நாய்களே ஏமாந்து திரும்பிப் பார்க்கும். வேட்டைக்குப் புதிதாக வருகிறவன் பின்னால் போய் நின்று உறுமுவார். அவன் மரத்தில் ஏறுவான், இவர் கீழே உருண்டு சிரிப்பார்.

ஆறு வருடத்துக்கு முன்பு தர்மராஜிடம் அதைச் செய்தார். தர்மராஜ் எங்கள் கூட்டாளி, வேட்டை நாய்கள் வளர்ப்பவர். அன்று அவர் கையில் ஈட்டி இருந்தது. புதருக்குள்ளிருந்து உறுமல் கேட்டதும் யோசிக்காமல் எறிந்துவிட்டார். ஈட்டி அலெக்சாண்டரின் தொடையில் ஏறி மறுபக்கம் வந்து நின்றது. இரத்தம் பூட்ஸுக்குள் நிறைந்து, நாங்கள் தூக்கி நடக்கும்போது சளக் சளக் என்று சத்தம் போட்டது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு தையல். அப்போதும் அவர் நர்சுகளுக்கு உறுமிக் காட்டிக்கொண்டிருந்தார்.

டோரின் அழவில்லை. பள்ளிக்கூட உடுப்போடு ஆட்ரியைக் கூட்டி வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. டோரின் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் தலையில் வைத்து அழுத்தினாள்.

"சொல்லுங்க. இனிமே உறும மாட்டேன்னு புள்ள தலமேல சத்தியம் பண்ணுங்க."

"டோரின், வெளையாட்டுக்குத்தானே..."

"பண்ணுங்க!"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனதை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். "இனிமே உறும மாட்டேன். ஆட்ரி தலமேல சத்தியம்" என்றார்.

நாங்கள் வேதக்காரர்கள். சத்தியம் பண்ணுவதே பாவம் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். ஆனால் பிள்ளை தலையில் வைத்த சத்தியத்தை மீறினால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும் என்ற பயம், எத்தனை ஞானஸ்நானம் வாங்கியும் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. அதன்பிறகு அலெக்சாண்டர் உறுமவே இல்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் பீர் ஊற்றிக் கொடுத்துக் கெஞ்சுவார்கள். அவர் ஆட்ரியின் தலையைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வேண்டுமானால் சேவல் கூவுகிறேன், தோட்டத்து மானேஜர் இருமுவதைச் செய்கிறேன் என்பார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். போன வருடம், காலை எட்டு மணி. மறுநடவு செய்த பகுதியில் பன்றிகள் இளங்கன்றுகளைத் தோண்டிக் குருத்தைத் தின்றுகொண்டிருந்தன. மானேஜர் எங்களைக் கூப்பிட்டார். தர்மராஜிடம் ஐந்து நாய்கள், அலெக்சாண்டரிடம் ஈட்டி, என்னிடம் துப்பாக்கி. நாய்களில் பிளாக்கி என்ற கறுப்பு நாய், தர்மராஜ் வளர்த்தாலும் அலெக்சாண்டரின் காலடியிலேயே கிடக்கும்.

நாய்கள் வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெரிய ஆண் பன்றியை மடக்கின. நூறு கிலோவுக்குக் குறையாது. தலையை ஒரு தடவை ஆட்டியதில் ஒரு நாயின் வயிறு கிழிந்து குடல் சேற்றில் விழுந்தது. அடுத்ததாக பிளாக்கியைத் கோரைப்பல்லில் குத்தித் தூக்கி லாலாங் புல்லுக்குள் எறிந்தது. நான் சுட்டேன். தோட்டா நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டது. பன்றி அலறிக்கொண்டு ஆளுயரப் புல்லுக்குள் ஓடி மறைந்தது. காயம்பட்ட பன்றி ஆளைத் தேடித் திரும்பி வரும். தர்மராஜ் மிச்ச நாய்களோடு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அலெக்சாண்டர் இடதுபக்கத்து மரத்தடியில் நிற்பதாகப் பேச்சு.

"காதப் பார்க்காம சுடாத மச்சான்" என்று ஒவ்வொரு வேட்டைக்கும் அவர் எனக்குச் சொல்லுவார். "கறுப்பா இருக்கிறதெல்லாம் பன்னி இல்ல."

புல்லுக்குள் பிளாக்கி அழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. நான் அடுத்த தோட்டாவைப் போட்டேன். எதிரே புல் விலகியது. இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்பு முதுகு என்னைப் பார்த்து வந்தது. நான் காதைப் பார்க்கவில்லை. சுட்டுவிட்டேன்.

உறுமல் எதுவும் கேட்கவில்லை. இதை நன்றாக எழுதிவிடுகிறேன். உறுமல் கேட்கவே இல்லை.

விழுந்தது அலெக்சாண்டர். நாய் அழுவதைப் பொறுக்க முடியாமல் உள்ளே போயிருக்கிறார். அதைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு குனிந்து வந்திருக்கிறார். நாய்க்குத் தலையே இல்லை. மிச்சக் குண்டுகள் அவர் கழுத்திலும் நெஞ்சிலும் ஏறியிருந்தன. என் சட்டையைக் கழற்றி அழுத்தினேன். விரலுக்கு நடுவே இரத்தம் நுரையோடு வந்தது. அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். வெள்ளிப் பல் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"மச்சான்... நான் உறுமல. டோரின்கிட்ட சொல்லு... நான் உறுமல."

ஏன்டா சுட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அந்த நேரத்திலும் பிள்ளை தலையைத்தான் நினைத்தார். அதன்பிறகு பேச்சு வரவில்லை.

தர்மராஜ் ஓடி வந்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். "உறுமுனாரா? அந்தப் பாழாப்போன வெளையாட்டத் திரும்ப ஆரம்பிச்சாரா?" என்று கேட்டு அழுதார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஒரே ஒரு தலையாட்டல். போலீசில் அது வாக்குமூலம் ஆனது. கோர்ட்டில் என்னைக் காப்பாற்றியது. இழவு வீட்டுப் பந்தலில் கதையானது. "கடைசி வரைக்கும் வெளையாடிக்கிட்டே போயிட்டாரு லா" என்று காப்பியை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்கள். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடுங்கி அவர்கள் மண்டையிலேயே உடைக்க வேண்டும்போல இருந்தது. அந்தக் கதையைக் கொடுத்தவனே நான்தான், யாரை அடிப்பது?

அடக்கம் முடிந்த அன்றே டோரின் படத்தைக் கழற்றினாள். "எம் புள்ள தலையில தீய வெச்சுட்டுப் போயிட்டாரு" என்றாள். ஏப்ரலில் ஆட்ரிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து, பிழைப்பாளா என்ற நிலைமைக்குப் போனாள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து டோரின் புருஷனைத் திட்டிய வார்த்தைகளை எழுத முடியாது. பிள்ளை பிழைத்தாள், பயம் மட்டும் போகவில்லை. மோட்டாரில் ஏறக்கூடாது, பள்ளிச் சுற்றுலா கூடாது, குளத்துப் பக்கம் போகக்கூடாது. ஒருநாள் நீலாய் டவுனில் என் காரில் வரும்போது ஆட்ரியே கேட்டாள்: "மாமா, அப்பா சத்தியத்த மீறிட்டாருல்ல, எனக்கு ஏதாச்சும் ஆயிருமா?" நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அவ்வளவு பெரிய வீரன் நான்.

அவள் கேட்ட பக்கத்தை எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். ஜாலியானவர் என்று எழுதியதும் கை நின்றுவிடும். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகப் பெடாஸுக்குப் போனேன். டோரின் சமையல்கட்டில் கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். ஆட்ரி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மச்சான் உறுமல."

அவள் திரும்பவில்லை. "என்னடா சொல்ற?"

"அவரு உறுமல. நான்தான் காதப் பார்க்காம சுட்டேன். உறுமுனாருன்னு நான் சொன்னது பொய். சாகும்போது ஒன்கிட்ட சொல்லச் சொன்னாரு, நான் உறுமலன்னு."

கத்தியைக் கீழே வைத்தாள். அதைக் கவனித்தேன், கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சப்பாத்திக் கட்டையை எடுத்தாள். முதல் அடி தோளில், அடுத்தது காதில். நான் கையைத் தூக்கவில்லை.

"எந்தம்பி பொய் சொல்ல மாட்டான்னு ஊருக்கெல்லாம் சொன்னேனேடா! ஒரு வருசமா அவரத் திட்டிக்கிட்டு இருந்தேனேடா! கல்லறைக்கு ஒரு பூவு கொண்டு போவலியேடா!"

வார்த்தைக்கு ஓர் அடி. வாயில் ஒன்று விழுந்து முன்பல் உடைந்தது. உள்ளங்கையில் துப்பினேன். அவராக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார்.

ஆட்ரி நடுவே வந்து கட்டையைப் பிடுங்கினாள். அவளும் அடிக்கப்போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமா. அப்பா நெசமாவே உறுமலையா?"

"இல்லம்மா."

என் வலது கையைப் பிடித்தாள். துப்பாக்கி விசையை அழுத்திய கை அது, இப்போது என் வாயிரத்தத்தில் நனைந்திருந்தது. அதைத் தூக்கித் தன் தலைமேல் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி!" என்று டோரின் அலறினாள். நானும் கையை இழுத்தேன். அவள் விடவில்லை.

"சொல்லுங்க மாமா."

"ஒங்கப்பா உறுமல. ஒந் தலமேல சத்தியம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அப்பா அப்பா என்று வாய்விட்டு அழுதாள். டோரின் உள்ளே போனாள். அலமாரியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. படத்தைக் கொண்டு வந்து, நைட்டியின் ஓரத்தால் தூசியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"போலீசுக்குப் போய் இதையே சொல்லு. சொல்லிட்டு வந்து இவ கேட்டத எழுது."

திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். மறுபடி கூப்பிடுவார்கள் என்றார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை, ஆகிறது ஆகட்டும்.

ஆட்ரி, நீ கேட்ட பக்கம் இதுதான், கொஞ்சம் நீண்டுவிட்டது. புத்தகத்தில் இடம் இல்லையென்றால் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு இதை மட்டும் போடு. உன் அப்பா எல்லாரோடும் பழகினார், ஜாலியானவர், குடும்பத்தின்மேல் உயிராக இருந்தார், உன் தலையில் வைத்த சத்தியத்தை அவர் மீறவில்லை.