கரண்ட் மட்டும் வாங்கியவர்

தொண்டைப் புற்றுநோய்க்கு எனக்கு வாரத்தில் ஐந்து நாள் கரண்ட், ஒரு நாள் அதோடு கீமோ மருந்து. கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். முதலமடையில் மாங்காய் வியாபாரத்தை மனைவியிடம் விட்டுவிட்டு, கோபாலபுரம் எல்லைச் சாவடி வழியாகக் கோயமுத்தூர் போய் வந்தேன். வாடகைக் காரில் கூட வந்தவர் நல்லேப்பிள்ளிக்காரர், நெல் விவசாயி. அவருக்கும் அதே தொண்டை, அதே முற்றிய நிலை. ஆனால் கரண்ட் மட்டும்தான்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. மருந்து ஏறும் நாளில் நான் பாதி நாள் ஊசியோடு கிடப்பேன், குமட்டும். அவர் கால் மணி நேரத்தில் வெளியே வந்து, கேன்டீனில் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். மனிதர் ஏப்பம் வேறு விடுவார். டாக்டருக்கு வேண்டியவராக இருப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

காரில் ஒரே தண்ணீர் பாட்டில். அவர் அண்ணாந்து, உதடு படாமல் மடக் மடக்கென்று குடிப்பார். எனக்கு வாயெல்லாம் புண், அண்ணாந்தால் புரையேறும். வாய் வைத்தால் எச்சில். தனி பாட்டில் கொண்டுபோனால் ஏன் என்று கேட்பார். அவர் எதிரில் தோற்க மனமில்லை. சிறுநீரகம் கெடாமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தும், தாகமே இல்லை என்று சாதித்தேன்.

நான்காம் வாரம் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் கடிந்துகொண்டார். "கிரியாட்டினின் ஏறியிருக்கு, கிட்னி திணறுது. இந்த வாரம் மருந்து வேண்டாம். அடுத்த வாரமும் இப்படியே இருந்தா நிறுத்திடுவோம். அப்புறம் கரண்ட் மட்டும்தான்." பயப்பட வேண்டியவன், துள்ளாத குறையாக வந்து காரில் ஏறினேன்.

"இனி நானும் உங்களாட்டந்தானுங்க. கரண்ட் மட்டும்."

அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க, என்ன பேச்சுங்க இது? ரெண்டுஞ் சேந்தாத்தான் நல்லாக் கேக்கும்னு டாக்டர் சொன்னாருங்க. எனக்கு முந்தியே கிட்னி கெட்டுப்போச்சு, மருந்து தாங்காதுன்னு கையை விரிச்சுட்டாரு. நீங்க மருந்துக்குப் போற அன்னிக்கெல்லாம் எனக்கு வயிறு எரியுமுங்க. அதப் போயி உட்டுப்போட்டு வர்றீங்களே!"

நான் பாட்டிலை எடுத்து, அவர் பார்க்க, வாய் வைத்தே குடித்தேன். புண்ணெல்லாம் எரிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: அவருக்காக வருத்தப்படுவதற்கு முன்னால், அவருக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்றுதான் சந்தோஷப்பட்டேன்.