காணாமற்போனோர் கூடாரம்

ஆடி அமாவாசை. இராமேசுவரம், அக்னி தீர்த்தக் கரை. கூட்டத்தில் தவறியவர்களைத் தேடும் பணி சாரணச் சிறுவர்களுக்கும், கண்டெடுக்கப்பட்டவர்களை உரியவர் வரும்வரை கூடாரத்தில் வைத்திருக்கும் பணி சாரணியருக்கும் ஒதுக்கப்பட்டது. காலையில் சுமார் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. பெயர் சொல்லவில்லை. பிற்பகலில் தாயிடம் ஒப்படைக்கப்பட்டது.

பதிவாக எழுதினால் அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் கை அன்று முழுவதும் என் அக்காவின் கையில் இருந்தது. நானோ விசிலும் கழியுமாகக் கரையெங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே உறுதிமொழி, ஒரே நிறக் கழுத்துத் துணி. ஆயினும் சாரணர் வாழ்க்கை எனக்கு வாய்த்தது, அவளுக்கு வாய்த்தது ஒரு பெஞ்சு மட்டுமே என்று எண்ணினேன். அவள்மீது எனக்கு இரக்கம்கூட இருந்தது.

அடிக்கடி கூடாரத்தில் தலைகாட்டினேன்.

"அவுக அம்மா கெடைச்சாச்சா?" என்பாள் அக்கா.

"தேடிக்கிட்டுத்தான இருக்கேன். ஒன்னைய மாதிரி உக்காந்தா இருக்கேன்?"

"ஏலே, நீ தொலஞ்சிராத. பெறகு ஒன்னையும் இங்கன உக்கார வைக்கணும்."

அந்தத் தாயை நானே கண்டுபிடிக்க வேண்டும். உலகில் அதைவிடப் பெரிய காரியம் அன்று எனக்கு இல்லை. உச்சிவேளையில், ஈரச் சேலையுடன் மணலில் அமர்ந்து விம்மிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டேன். எதுவும் விசாரிக்கவில்லை. "பிள்ள பத்திரமா இருக்கு, வாங்க" என்று கையைப் பற்றி, விசில் ஊதிக் கூட்டத்தை விலக்கி, வெற்றியுடன் இழுத்துவந்தேன்.

குழந்தை அவளைப் பார்த்துவிட்டு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இது யாரு பிள்ளையோ, தம்பி. நான் எங்க அம்மாவுக்குத் திதி குடுக்க வந்தேன்" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப எதுக்கு அழுதீங்க?" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெஞ்சில் சற்று நகர்ந்து, "உக்காருங்கக்கா" என்றாள். அந்தப் பெண் அமர்ந்தாள். சிறிது நேரத்தில் குழந்தை தன் மற்றொரு கையை அவளிடம் கொடுத்தது. கூட்டத்தில் யாரையும் தவறவிடாத ஒருத்திக்கு இந்தக் கூடாரத்தில் என்ன வேலை என்ற எரிச்சலுடன் நான் மீண்டும் ஓடினேன். தெற்கே தேடிக்கொண்டிருந்தபோது, குழந்தையின் தாய் வடக்கிலிருந்து தானாகவே வந்து சேர்ந்துவிட்டாள்.

இராமநாதபுரம் திரும்பிய பேருந்தில், அக்காவின் மணிக்கட்டில் பிஞ்சு நகங்களின் தடங்களைக் கண்டேன். வளையல் கீறியிருக்கும் என்று அன்று நினைத்தேன்.

"நாள் பூரா என்னத்தச் செஞ்ச?"

"உக்காந்திருந்தேன்."

பல ஆண்டுகளுக்குப் பிறகு, சென்ற மாதம், மருத்துவமனையில் அக்காவின் கட்டிலருகே ஒரு நாற்காலி இருந்தது. மருந்துக்கென்றும், மருத்துவரைக் காணவென்றும், தேநீருக்கென்றும் நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"ஏலே, கொஞ்சம் உக்காரேன்" என்றாள்.

"இந்தா வாரேன்க்கா" என்றேன்.

செய்யாமல் நிற்பவை:

மீந்த மருந்துகளைக் கடையில் திருப்பித் தருவது.

அக்கா வீட்டுச் சாவியை அவள் மகனிடம் ஒப்படைப்பது.

ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தம் போவது.

அந்த நாற்காலியில் உட்கார்வது.