குருத்தோலை கட்டின கலயம்

சிரிக்கணும்னு தோணுச்சுன்னா இப்பவே சிரிச்சிருங்க டீச்சரே, நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வரும். நீங்க பள்ளிக்கூடத்துல சயின்ஸ் சொல்லிக்குடுக்கிறவிய, உங்ககிட்டப் போயி இதைச் சொல்லுததுக்கு எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஆனா நான் பேய்க்கதை சொல்லுத ஆளு இல்ல, அதை மொதல்லயே சொல்லிடுதேன். எனக்க நாத்தனாரு ஒருத்தி உண்டு, அவளுக்கு ஒவ்வொரு பனையிலயும் ஒரு பேய் குடியிருக்கு, காத்துல காவோலை உரசினா போதும், வேதப்புஸ்தகத்தை எடுத்து நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிடுவா. அவளைக் கேலி பண்ணியே நான் பாதி நாளக் கழிச்சிருக்கேன். விடியதுக்கு முன்ன பனங்காட்டுக்குள்ள ஒத்தையில போயி விறகு பெறக்கின ஆளாக்கும் நான். எனக்குப் பயம்னு ஒண்ணு உண்டுன்னா அது அணலிப் பாம்புக்குத்தான், வேற எதுக்கும் இல்ல.

இது நடந்தது நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேருததுக்கு ரெண்டு வருசம் முன்ன. நெய்யூருக்குத் தெக்க, செம்மண் மேட்டுல எங்க வீடு. எனக்க மாப்பிள்ள பனையேறி. காலையிலயும் சாயங்காலமும் பனை ஏறி, பாளையைச் சீவி, கலயத்துல ஊறியிருக்கிற அக்கானிய எறக்கிக் கொண்டு வருவாவ. அக்கானின்னா பதநீருதான், நீங்க அப்பிடிச் சொல்லுவிய. வீட்டுக்குப் பின்னால ஓலைக்குடிசை, அதுல பெரிய அடுப்பு, நான் அங்க உக்காந்து காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துவேன். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி அனுப்பணும், இல்லன்னா அக்கானி புளிச்சுக் கள்ளாப் போயிரும். அந்தச் சுண்ணாம்பு தடவுத வேலையும் எனக்குத்தான், இதை மறந்துராதுங்க.

வீடுன்னு சொன்னேனே தவிர, அதுல மனுசர் மூணு பேரு, மிச்சமெல்லாம் மிருகம். விறகுக்கட்டுக்கு அடியில ஒரு உடும்பு குடியிருந்துது, நான் பாத்திரம் கழுவுத தண்ணியக் குடிக்க ஒரு கீரி வரும், விடியக்காலம் மயில் வந்து கூரை மேல நின்னு கத்தும், அதுக்க கத்தலுக்கு மாவு கரைச்சவ கையிலேருந்து சட்டி விழும். பூனை மூணு. குளச்சல்லேருந்து சாளை மீன் கொண்டு வருதவ தெருமுனையில கால் வச்ச உடனே மூணும் வாசல்ல வரிசையா உக்காந்திரும், பந்திக்கு உக்காந்த மாதிரி. அதுல மூத்தவளுக்குப் பேரு மதாம்மா. ஒடம்பு முழுக்க வெள்ள, வால் நுனி மடங்கியிருக்கும், கீரியோட சண்ட போட்டதுல எடது காது கிழிஞ்சிருக்கும். ஆனா நடக்குத நடையிருக்கே, மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்காரம்மா வார்டுக்குள்ள வருத மாதிரித்தான். மாப்பிள்ளதான் பேரு வச்சாவ.

எனக்கு ஒரே ஒரு பிள்ள, ரோசி. அப்போ அஞ்சு வயசு. அவளுக்கு முந்தி ரெண்டு பெத்தேன், ரெண்டும் பல்லு மொளைக்கதுக்குள்ள போச்சு. அதனால ரோசி மேல எனக்கு உள்ள பாசம் பாசமே இல்ல, அது பயம். அவ தும்மினா எனக்கு நெஞ்சு அடைக்கும். மதாம்மா தினமும் அவ காலடியிலதான் படுக்கும், நான் வெரட்டுவேன், பூனை முடி பிள்ளைக்கு ஆவாதுன்னு. வெரட்டிட்டு வந்து பாத்தா மறுபடியும் அங்கதான் கெடக்கும்.

அந்த வருசம் பங்குனியில ஒரு மரநாய் வந்து சேந்துது. பூனை மாதிரி இருக்கும், வால் நீளம், பனைக்குப் பனை தாவி ஏறிக் கலயத்துல வாய வச்சு அக்கானியக் குடிச்சிட்டு, போகும்போது கலயத்தையும் தட்டிவிட்டுட்டுப் போவும். பத்து நாளா இதே கதை. மாப்பிள்ளைக்குக் கோவம் தலைக்கேறிட்டு. எங்கயோ போயி ஒரு விஷக்காயப் பறிச்சுட்டு வந்து, இடிச்சு, ஒரு கலயத்துல அக்கானியோட கலந்து, கெணத்தடிப் பனையில கொண்டு கட்டினாவ. அடையாளம் தெரியணும்னு அந்தக் கலயத்துக்க கழுத்துல மட்டும் ஒரு குருத்தோலை.

எனக்குத் தெரிஞ்சதும் நான் ஆடித் தீத்துட்டேன். "வாயில்லா சீவன் ரெண்டு மடக்குக் குடிச்சா நாம என்ன பட்டினியா கெடக்கப் போறோம், பிள்ள இருக்குத வீட்டுல விஷத்தை வச்சு வெளையாடுதியளா"ன்னு கேட்டேன். அவிய "ஏட்டி, பனை உச்சியில இருக்கத ஒனக்க பிள்ள எங்க போயி எடுக்கப் போறா"ன்னு சொல்லிட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுப் போயிட்டாவ. அந்த மரநாய்க்கு நம்மளவிட புத்தி இருந்துது, நாலு நாளு அந்தப் பனையத் தவிர மத்த எல்லாப் பனையிலயும் குடிச்சுது.

நடுவுல வியாழக்கெழம மதாம்மா செத்துப் போச்சு. விறகுக்கட்டுக்குப் பக்கத்துல கெடந்துது, முன்னங்காலு வீங்கி, பாம்புக்கடிதான். நம்ம பக்கம் பூனை செத்தா தென்னம்பிள்ளைக்க மூட்டுலதான் பொதைப்போம், உரமாகும்னு. நானே குழி வெட்டினேன். நரி தோண்டாம இருக்க, ரெண்டு பேரு சேந்து உருட்டுத மாதிரி ஒரு கல்ல அது மேல வச்சோம். ரோசி ரெண்டு நாளு சோறு எறங்காம அழுதா. எனக்க கையால, எனக்க கண்ணு முன்ன பொதைச்சது டீச்சரே, அதுல எந்தச் சந்தேகமும் இல்ல.

சனிக்கெழம மத்தியானம் மாப்பிள்ள அந்த விஷக்கலயத்தை எறக்கி, உள்ள இருந்ததைக் காட்டுல குழி தோண்டிக் கொட்டிட்டு, கலயத்தைக் குடிசைத் தூணுல அடிச்ச முளையில தொங்கப் போட்டிருக்காவ. உடைக்க மனசு வரல்ல, திங்கக்கெழம தீயில வாட்டிச் சுத்தம் பண்ணிக்கிடலாம்னு நெனப்பு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல. நான் சண்ட போட்டேன்னு எறக்கினதை எங்கிட்டயே வந்து சொல்ல எந்த ஆம்பிளைக்கு மனசு வரும்.

மறுநாளு குருத்தோலை ஞாயிறு. ஊரெல்லாம் குருத்தோலையில சிலுவை செஞ்சு கையில பிடிச்சுக்கிட்டுக் கோயிலைச் சுத்தி வருவோம்ல, அந்த ஞாயிறு. எங்க பக்கத்துப் பனையேறி வீடுகள்ல ஒரு வழக்கம் உண்டு. சனிக்கெழம சாயங்காலம் பனைக்குப் போகுத எல்லாக் கலயத்துக்கும் குருத்தோலை கட்டி அனுப்புவோம். ஞாயித்துக்கெழம காலையில எது நெறஞ்சு இருக்கோ அந்த ஒரு கலயத்தை ஓலையோட அப்பிடியே எறக்கி, மொதல்ல வீட்டுப் பிள்ளைக்கு ஓலையில மடிச்ச ஒரு பட்டை, மிச்சம் கோயில் வாசல்ல வருத சனங்களுக்கு. அன்னைக்குக் காய்ச்சதும் இல்ல, விக்கதும் இல்ல.

நான் என்ன செஞ்சேன், குடிசையில உள்ள கலயமெல்லாத்தையும் எறக்கி, அலசி, சுண்ணாம்பு தடவி, ஒவ்வொண்ணா ஓலை கட்டினேன். ஒண்ணுல மட்டும் ஏற்கனவே ஓலை இருந்துது, ரோசி வெளையாட்டுக்குக் கட்டியிருப்பான்னு நெனச்சேன். அதுக்க அடியில ஏதோ கறுப்பா அப்பியிருந்துது, தேய்ச்சுப் பாத்தேன், போகல்ல, பழைய கறைன்னு அது மேலயே சுண்ணாம்பைத் தடவிட்டேன். மாப்பிள்ள இருட்டுததுக்கு முன்ன அவசர அவசரமா வந்து கலயங்களை எடுத்துட்டுப் போயி பனையில கட்டினாவ. எல்லாத்துக்கும் குருத்தோலை, எல்லாம் ஒண்ணு போல. முளையில தொங்கினதை நான் எறக்கினேன்னு அவியளுக்குத் தெரியாது, தொங்கினது என்னன்னு எனக்குத் தெரியாது.

ஞாயித்துக்கெழம நல்லா விடிஞ்சு வெயிலு வந்துட்டு. அவிய ஒரு கலயத்தைக் கொண்டு வந்து குடிசையில வச்சிட்டு, மிச்சப் பனையப் பாக்கப் போயிட்டாவ. கோயில்ல மொத மணி அடிச்சாச்சு. ரோசி வெள்ளக் கவுன் போட்டு, தலையில எண்ணெய் வழிய, ஓலைப்பட்டையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு எனக்க முன்ன உக்காந்திருக்கா. "அம்மா, நெறைய ஊத்து"ன்னா. நான் கலயத்தைச் சரிச்சேன். சரிச்சது எனக்கு நல்லா நெனவிருக்கு.

நம்பினா நம்புங்க, நம்பாட்டா போங்க. கூரைக்க உள்பக்கத்திலேருந்து வெள்ளையா ஒண்ணு குதிச்சுது. கலயம் அடுப்புக்கல்லுல விழுந்து சுக்கலா உடைஞ்சு, அக்கானி எனக்க சீலையெல்லாம் தெறிச்சு, ரோசிக்க கவுனெல்லாம் தெறிச்சு, எனக்கு வந்த கோவத்துல அக்கானி கிண்டுத துடுப்பை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடுனேன். மடங்குன வாலப் பாத்தேன். கிழிஞ்ச காதைப் பாத்தேன். பாத்தும் மண்டையில ஏறல்ல, கோயிலுக்குக் கொண்டு போகுத கலயம் போச்சேங்குத ஆத்திரம் மட்டுந்தான். தென்னம்பிள்ளை வரைக்கும் ஓடினேன், அங்க ஒண்ணும் இல்ல. கல்லு வச்ச எடத்துல வச்ச மாதிரி கெடக்கு. அப்பத்தான் யாரை வெரட்டிக்கிட்டு வந்தேன்னு ஒறைச்சுது, துடுப்பைக் கீழ போட்டேன். ரோசி குடிசைக்குள்ள நின்னு "மதாம்மா, மதாம்மா"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கா.

சத்தம் கேட்டு மாப்பிள்ள ஓடி வந்தாவ. உடைஞ்ச ஓட்டுத் துண்டைப் பொறுக்கப் போனவிய அப்பிடியே நின்னுட்டாவ. அடியோட்டுல சுண்ணாம்பு ஊறி உரிஞ்சு, அதுக்கடியில அந்தக் கறுப்புத் தெரியுது. முளையப் பாத்தாவ, எங்கிட்ட "இதுல தொங்கினது எங்கட்டி"ன்னு கேட்டாவ. நான் சொன்னேன். அவ்வளவுதான், மனுசன் தரையில உக்காந்து ரோசியப் பிடிச்சு வாயத் தொறந்து பாத்து, நாக்கைப் பாத்து, "குடிச்சியா மக்களே, ஒரு சொட்டாவது குடிச்சியா"ன்னு கேட்டுக் கேட்டு அழுதாவ. அவ குடிக்கல்ல. பட்டை காஞ்சே இருந்துது. ஈரமண்ணைக் கொத்தின எங்க கோழி ஒண்ணு உச்சி வெயிலுக்குள்ள செத்து விழுந்துது. அந்தக் கலயம் மட்டும் உடையாம இருந்திருந்தா எங்க பிள்ளையும் போயி, பொறவு கோயில் வாசல்ல எத்தனை பிள்ளைகளோ. அன்னைக்கு நாங்க கோயிலுக்குப் போகல்ல, அந்தத் தென்னம்பிள்ளைக்க மூட்டுலதான் முழங்கால் போட்டோம். போதகரு அய்யர் கேட்டா என்ன நெனப்பாரோன்னு எல்லாம் பாக்கல்ல.

அதுக்குப் பொறவு கெணத்தடிப் பனைக்க கலயம் மரநாய்க்குன்னே விட்டுட்டோம். சீசன் முழுக்கக் குடிக்கும், தட்டியும் விடும், மாப்பிள்ள பேசாம புதுக்கலயம் கட்டுவாவ. விஷங்குத பேச்சு எங்க வாசல்ல பொறவு வரல்ல. பூனை ஒண்ணையும் நான் வெரட்டினதும் இல்ல. ரோசி வளந்தா, நர்சுக்குப் படிச்சா, கல்யாணம் ஆச்சு. நான் தெனமும் காலையில கண்ணு முழிச்ச உடனே ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம், மதாம்மாவுக்கு ஒரு ஸ்தோத்திரம். தப்புன்னா தப்பா இருந்துட்டுப் போட்டும், பிள்ளையத் திருப்பிக் குடுத்தவங்களுக்கு நன்றி சொல்லாம நான் எப்பிடிக் கஞ்சி குடிப்பேன்.

இதோட நின்னிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன் டீச்சரே. ரோசி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தப்போ ஒருநாளு இந்தக் கதையப் பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் சொல்லிட்டிருந்தேன், கூரையிலேருந்து குதிச்சுது, கலயத்தைத் தட்டுச்சுன்னு. ரோசி கேட்டுக்கிட்டு இருந்தவ, பக்கத்து வீட்டுக்காரி போன பொறவு மெதுவா எங்கிட்ட வந்தா.

"அம்மா, நீ ஏன் எப்பவும் மாத்திச் சொல்லுத. மதாம்மா குதிக்கல்ல."

"அஞ்சு வயசுல ஒனக்கு என்னட்டி தெரியும்"னு நான் எரிஞ்சு விழுந்தேன்.

அவ சிரிக்கல்ல. "எனக்கு நல்லாத் தெரியும். அது நடந்து வந்து ஒனக்க எதிர்க்க உக்காந்துது. ஒனக்க மூஞ்சியவே பாத்துது. நீ ஊத்தப் போனவ நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டுட்டு, சரின்னு சொன்ன. பொறவு நீதான் ரெண்டு கையாலயும் கலயத்தைத் தலைக்கு மேல தூக்கி அடுப்புக்கல்லுல அடிச்ச. அது எந்திரிச்சு வெளிய போச்சு. நான் அன்னைக்குப் பயந்தது ஒன்னப் பாத்துத்தான்மா."

எனக்கு அப்பிடி ஒண்ணும் நெனவில்ல, சத்தியமா இல்ல. நான் சரிச்சது தெரியும், உடைஞ்சது தெரியும், நடுவுல சரின்னு சொன்னது தெரியாது. ஆனா ரோசி பொய் சொல்லுதவ இல்ல, அதுவும் எனக்குத் தெரியும். இப்பவும் காலையில ஸ்தோத்திரம் சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் கண்ண மூடி யோசிச்சுப் பாப்பேன், அந்தப் பூனை அன்னைக்கு எங்கிட்ட என்ன சொல்லிச்சு, எந்த வார்த்தைக்கு நான் சரின்னு சொன்னேன்னு. ஒண்ணும் வெளங்கல்ல. நன்றி மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சிருவேன்.