செண்பகம் அக்கா யாரிடமும் ஆசி வாங்கவில்லை

கராடியில் நம் குடியிருப்பில் இருந்த செண்பகம் அக்கா காலமான செய்தி, சென்ற வாரம் நான் காலை நடை முடித்துத் திரும்பும்போது நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வந்தது. கூடவே ஒரு வரி: 'சுவாமிகளின் ஆசி பெற்ற பாக்கியசாலி.' துக்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. வகுப்பில் கணக்கைப் போட்ட பிள்ளையைக் கூப்பிட்டு, அதைப் பார்த்து எழுதிய பிள்ளையிடமிருந்து நன்றாகக் கற்றுக்கொண்டாய் என்று பாராட்டினால் எப்படி இருக்கும்? அதனால் நடந்ததை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

போன மார்கழியில், காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு தமிழ்த் துறவியை நம் குடியிருப்புக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். வாசலில் ஆரத்தி எடுக்க ஐந்து பெண்களின் பட்டியலைப் போட்டது நான்தான். சுமங்கலிகள் மட்டும் என்றார்கள். வருகைப் பதிவேடு எழுதுவதுபோல எழுதிக் கொடுத்தேன். கணவரை இழந்த அக்காவிடம், "நீங்க சமையலைப் பாத்துக்கோங்க" என்றோம். மரியாதையாகத்தான் சொன்னோம். மரியாதையாகச் சொல்லிவிட்டால் அவமானம் குறைந்துவிடும் என்று நமக்கு ஒரு நினைப்பு.

வரவேற்பு முடிந்து, துறவி கைகால் கழுவக் கூடத்தின் பின்பக்கம் போனார். சமையலறையில் அக்கா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். "ரசத்த ஏன் இப்படிக் கொதிக்க விடுதிய? நொரை கட்டுனதும் எறக்கணும்லா."

அந்தக் குரலைக் கேட்டுத் துறவி நின்றார். வாசல்வரை போய், "அக்கா" என்றார்.

அக்கா கரண்டியோடு திரும்பினார். "யாருன்னு தெரியலையே சாமி."

"தாபோடி ஸ்டேஷன். காய்ச்சல்."

"அடப்பாவி, நீரா? சொல்லாமக் கொள்ளாமப் போனீரே. தூக்குல கஞ்சியோட வந்து வெறுங்கட்டிலத்தான பாத்தேன்."

துறவியை ஒருவர் அடப்பாவி என்றதில் நம் செயலாளருக்கு முகம் வெளிறிவிட்டது. துறவியோ வாய்விட்டுச் சிரித்தார்.

இலையில் உட்கார்ந்ததும் அவரே எங்களுக்குச் சொன்னார். துறவு பூண்ட புதிதில் தாபோடி ரயில் நிலையத்தில் காய்ச்சலோடு விழுந்து கிடந்தாராம். அக்கா அப்போது ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை பார்த்தார். ஏற வேண்டிய லோக்கல் ரயிலை விட்டுவிட்டு, இவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று அங்கே அக்காவிடம் கேட்டார்கள். "எனக்கு உறவே கிடையாது, துறந்தாச்சு" என்று இவர் முனகியிருக்கிறார்.

"ஒறவு இல்லன்னா காய்ச்சல் எறங்கிருமா? தம்பின்னு எழுதியாச்சு. பேசாமப் படுத்துக்கிடும்" என்றாராம் அக்கா. ஆறு நாள், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கஞ்சி கொண்டுவந்தாராம்.

இதைக் கேட்டதும் நம் செயலாளர் ஆரத்தித் தட்டோடு சமையலறைக்கு ஓடினார். "ஆன்ட்டி, சாமி கிளம்பும்போது நீங்களே ஆரத்தி எடுங்க. ஒரு போட்டோ எடுத்துடலாம்."

"காலையில ஆகாத கை இப்ப ஆயிருச்சோ?" என்று கேட்டார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "தட்ட அங்கன வைங்க தம்பி. எனக்கு வேல கெடக்கு."

செயலாளர் போனபின் நான் அங்கேயே நின்றேன். "அக்கா, அந்தப் பட்டியல் நான் எழுதினது. என்னை..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம் டீச்சர். பாயசம் அடிப்பிடிக்கி, கிண்டுங்க" என்று கரண்டியைக் கையில் திணித்தார். கிண்டினேன்.

கிளம்பும்போது துறவி சமையலறை வாசலுக்கு வந்தார். "இந்தத் தடவை சொல்லிட்டுப் போறேன்க்கா" என்று கைகூப்பினார். அக்கா தலையசைத்து, வழிக்கு ஒரு பொட்டலம் புளியோதரை கொடுத்தார். அவ்வளவுதான். ஆசி எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால், அது துறவியிடமிருந்து அக்காவுக்கு வந்ததல்ல.

அதன்பின் அக்காவை லிஃப்டிலும் காய்கறிக் கடையிலும் எத்தனையோ முறை பார்த்தேன். சிரித்துப் பேசினோம். விட்ட பேச்சை நான் எடுக்கவில்லை, அவர் கேட்கவுமில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பாதியில் நின்ற அந்த மன்னிப்புத்தான். இனி அவரிடம் கேட்க வழியில்லை. ஆகவே உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். அன்று பட்டியலை வாங்கிப் படித்துத் தலையாட்டியவர்களும் உங்களில் இருக்கிறார்கள்.