சைவம், அசைவம், மக்ரூன்

விமான நிலையத்தில் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் அதைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி என்று கைப்பேசியில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். நடக்க வேண்டுமாம். தியானம் செய்ய வேண்டுமாம். கனமான புத்தகம் ஒன்றைப் படித்து முடிக்கலாமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிமுகமில்லாத மனிதர்களோடு பேசிப் பழக வேண்டுமாம். எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. அதிகாலை நான்கு மணிக்கு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத மனிதனின் முகத்தை அவர் பார்த்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நானும் மனைவியும் தூத்துக்குடியிலிருந்து புனேவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாலை விமானம் எங்களைச் சென்னையில் இறக்கிவிட்டுத் தன் கடமை முடிந்ததென்று போய்விட்டது. புனே விமானம் மறுநாள் காலை, நன்றாக விடிந்த பிறகு. இடைப்பட்ட இரவைத் தூங்குவதாகப் பாவனை செய்து தள்ளினோம். நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவே கைப்பிடி வைத்த மகானுபாவரை நான் மறக்க மாட்டேன். படுக்க வழியில்லாமல் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வரிசையாகக் குந்தியிருந்தார்கள் பயணிகள். எங்கள் பக்கத்து ஆதிச்சநல்லூரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. முதுமக்கள் தாழிகள் மட்டும்தான் குறை.

பயணத்தின் காரணம் மகள். புனேயில் வேலை பார்க்கிறாள். அங்கே உடன் வேலை பார்க்கும் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பையனின் குடும்பம், வேடிக்கையைப் பாருங்கள், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தாமிரபரணிக் கரைப் பெருமாள் கோயில் ஊர். அப்பா வேலைக்காகப் புனே போய் அங்கேயே தங்கிவிட்டவர். நாங்களோ பனங்காட்டிலிருந்து டவுனுக்கு வந்து கடை போட்ட வம்சம். மீன் இல்லாமல் சோறு இறங்காது. பையனின் அம்மா ஒரு வருஷம் ‘ம்’ கூடச் சொல்லாமல் இருந்துவிட்டு, கடைசியில் “வந்து பேசட்டும்” என்று இரண்டு சொற்களை உதிர்த்திருந்தார். மகளின் கல்யாணம் அந்த இரண்டு சொற்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் போனில் பேசினாள். “அப்பா, அவங்க வீட்டுல முட்டை போட்ட கேக்கைக்கூட வாசல் தாண்ட விடமாட்டாங்க. மீன் பேச்சையே எடுக்காதீங்க. வாயை வச்சிக்கிட்டு ஒரு நாள் மட்டும் சும்மா இருங்க, போதும்.”

இருப்பதாக வாக்குக் கொடுத்தேன். கொடுத்த கையோடு பேக்கரிக்குப் போய் ஆறு பெட்டி மக்ரூன் வாங்கினேன்.

சம்பந்தம் பேசப் போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற தூத்துக்குடிக்காரன் இன்னும் பிறக்கவில்லை. அந்தக் கையில் மக்ரூனைத் தவிர வேறொன்று இருப்பதும் வழக்கமில்லை. முத்துக்குப் பெயர்போன ஊர்தான்; ஆனால் முத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய் நீட்டுகிற நிலையில் இன்று யாரும் இல்லை. மக்ரூனைச் சாமான்களோடு சேர்த்து அனுப்பவும் முடியாது. சின்னச் சங்கு மாதிரி இருக்கும் பண்டம், ஒரு தட்டுத் தட்டினால் பொடி. ஆகவே தொட்டில் பிள்ளையைப்போல மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இரவு முழுக்க நான் காலை நீட்டாததற்கு அந்த ஆறு பெட்டிகளும் காரணம்.

நான்கு மணி இருக்கும். மனைவி எதிர் நாற்காலியில் தலையைச் சாய்த்து உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். கனமான புத்தகத்தின் முதல் பக்கத்தை மூன்றாவது முறையாக முடித்திருந்தேன். பக்கத்தில் வெள்ளை வேட்டியும் கோயம்புத்தூர்ப் பேச்சுமாக ஒரு பெரியவர் விழித்திருந்தார். கட்டுரையின் அறிவுரை நினைவுக்கு வந்தது. ஒரு பெட்டியைப் பிரித்து நீட்டினேன்.

“எங்க ஊர் மக்ரூன். எடுத்துக்கோங்க.”

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதுல முட்டை சேருங்களா? நமக்கு ஆகாதுங்க.”

நான் சிரித்தேன். “முட்டையா! அதெல்லாம் கிடையவே கிடையாது. முந்திரி, சீனி, வெள்ளைக்கரு. அவ்வளவுதான்.”

“வெள்ளைக்கருன்னா… எதோடதுங்க?”

அரை நூற்றாண்டாக மக்ரூன் தின்று வளர்ந்தவன் நான். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. அறியாமை என்று சொல்லிவிட முடியாது. பேக்கரியின் பின்பக்கம் முட்டை ஓடு குவிந்து கிடப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் உணவு மூன்று வகை: சைவம், அசைவம், மக்ரூன். கிருத்திகை விரதம் இருக்கும் என் சித்தி, ஆம்லெட் போட்ட அடுப்பில் பால் காய்ச்சமாட்டாள். விரதம் முடிந்ததும் அவள் வாயில் முதலில் போடுவது மக்ரூன். யாருக்கும் எந்த உறுத்தலும் கிடையாது.

பெரியவர் மக்ரூனை மிகுந்த மரியாதையோடு பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட்டு, கைகழுவப் போனார்.

மனைவி கண்ணைத் திறந்தாள். “என்ன, முகம் கருவாடு மாதிரி இருக்கு?”

சொன்னேன். அவளும் தூத்துக்குடிக்காரிதான். வெள்ளைக்கரு எதனுடையது என்பது உறைக்க அவளுக்கும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அப்ப ஆறு பெட்டி முட்டையத் தூக்கிக்கிட்டா சம்பந்தம் பேசப் போறோம்?” என்றாள். பிறகு, “படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கருப்பட்டி வாங்குங்கன்னு” என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் எங்கள் மணவாழ்க்கையில் என் நினைவு எனக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னதே கிடையாது.

“பைக்குள்ளயே இருக்கட்டுமே. குடுக்காம இருந்தாப் போச்சு” என்றேன்.

“நல்லாருக்கு. வீட்டுக்குள்ள நுழையும்போதே அந்தம்மா பைய வாங்கி வைப்பாங்க. பெட்டி மேல இம்புட்டுப் பெருசா படம் போட்டிருக்கு. முட்டையக் கொண்டாந்துட்டாங்கன்னு நினைப்பாங்களா, கொண்டாந்தும் குடுக்காத கஞ்சப் பயலுவன்னு நினைப்பாங்களா?”

ஓரமாக இருந்த குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

“நல்ல காரியத்துக்குப் போகும்போது திங்கிற பண்டத்தக் குப்பையில போடப் போறியளா?”

ஆக, கொடுத்துத் தீர்ப்பதென்று முடிவாயிற்று. பெட்டிகளை அணைத்துக்கொண்டு புறப்பட்டேன். கட்டுரை சொன்ன நடைப்பயிற்சி எனக்கு இப்படித்தான் வாய்த்தது.

அதிகாலையில், தலை கலைந்து, கண் சிவந்து, ஒரு நாள் தாடியோடு ஒருவன் வந்து ‘இனிப்பு சாப்பிடுங்க’ என்று சிரித்தால் நீங்கள் வாங்குவீர்களா? காதில் பாட்டு மாட்டியிருந்த பெண் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு தாய் தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் செருகினாள். அந்த நேரம் பார்த்து, அறிமுகமில்லாதவர்கள் தருவதை வாங்காதீர்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். மூன்று மொழிகளில் சொன்னாள். பாதுகாப்புக் காவலர் ஒருவர் வந்து, என் கையில் இருப்பதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, போய் உட்காருங்கள் என்று சைகை காட்டினார். கோபமே இல்லை. வீட்டில் வயதான தகப்பன் இருக்கும் மனிதராக இருக்க வேண்டும்.

திரும்பி நடந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

“ஏலே, லாரிய உள்ள விடச் சொல்லுலே! பெட்டி இறங்கியாச்சா இல்லையா? நான் வெயில் ஏறுததுக்குள்ள அங்கன வந்துருவேன்.”

உலகத்தின் எந்த மூலையிலும் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பசி அடங்கிவிடும். தூத்துக்குடிக்கான முதல் விமானத்துக்காக நின்றிருந்தார்கள் நான்கு பேர். போனில் கத்தியவர் துறைமுகத்தில் சரக்குகளுக்கு அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட். மற்றவர்கள் அவருடைய கூட்டாளிகள். ஏதோ ஒரு கூட்டத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அருகே போய் நின்றேன்.

“அண்ணாச்சி, மக்ரூன் வேணுமா?”

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் போர்டிங் பாஸைப் பார்த்தார். “நாங்க ஊருக்குல்லா போறோம். திருநெல்வேலிக்கே அல்வாவா?”

ஆனால் பயப்படவில்லை, பாருங்கள். மக்ரூனோடு வருபவன் மயக்க மருந்து கொடுப்பவனாக இருக்கமாட்டான் என்று அந்த நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். வெள்ளைக்கரு எதனுடையது என்ற இடம் வந்ததும் நால்வரும் ஒரு நொடி திகைத்தார்கள்.

“அட, ஆமாலே” என்றார் ஒருவர், ஏதோ மெய்ஞ்ஞானம் கிட்டியவரைப்போல.

ஏஜென்ட் பெட்டியைத் திருப்பிக் கடைப்பெயரைப் படித்தார். “இந்தக் கடையா? பழைய ஆளு இருந்தப்ப நல்லாருக்கும். இப்ப சீனி தூக்கல்.”

“ஓசியில வாரதுக்குக் குத்தம் சொல்லுதான் பாரு!” என்றார் கூட்டாளி. “நீங்க குடுங்கண்ணாச்சி. நாங்க பாத்துக்கிடுதோம்.”

“சும்மா வாங்கப்பிடாதுலே. பொண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போறாரு” என்று அதட்டினார் ஏஜென்ட். பிறகு தன் தோள்பையைத் திறந்து, வீட்டுக்கென்று வாங்கியிருந்த இரண்டு பெட்டி மைசூர்பாகை எடுத்து என் கையில் வைத்தார். “சுத்தமான நெய்யி. எந்தப் பெருமாளும் ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

“அப்ப உங்க வீட்டுல என்ன சொல்லுவிய?”

“மெட்ராஸ்லருந்து மைசூர்பாகு கொண்டுபோனா, ‘இது இங்கன கிடைக்காதாக்கும்’னு கேப்பா. மக்ரூன் கொண்டுபோனாலும் அதையேதான் கேக்கப்போறா. வாங்குத ஏச்சு ஒண்ணுதான். நீங்க போயிட்டு வாங்க. மறக்காம பத்திரிகை குடுத்துருங்க!”

பிரிக்காத ஐந்து பெட்டிகள், வந்த ஊருக்கே விமானம் ஏறின. அவற்றைப்போல எனக்கும் யாராவது ஒரு டிக்கெட் கொடுத்தால் தேவலை என்றிருந்தது.

மிச்சம் இருந்தது பெரியவருக்காகப் பிரித்த பெட்டி. பிரித்ததை யாருக்கும் கொடுக்க முடியாது. “தின்னு தீருங்க” என்றாள் மனைவி. கண்ணாடிக்கு வெளியே வானம் வெளுக்கிற வரைக்கும் இருவரும் மென்றோம். வெறும் வயிற்றில் அத்தனை மக்ரூன் தின்றவனுக்குத் தியானம் தனியாக வேண்டியதில்லை. பேச்சு தானாக அடங்கிவிடும். அவள் வாய் கொப்பளிக்கப் போன நேரம், மீந்த ஒரு கைப்பிடியைப் பெட்டிக்குள் இருந்த காகித உறையோடு சுருட்டி, தோள்பையில் புத்தகத்துக்கு அடியில் செருகிவிட்டேன். ஊர்ப் பண்டத்தைக் கடைசித் துகள் வரை அழிக்க மனம் வரவில்லை. அதை மறைத்ததுதான் அந்தப் புத்தகம் அன்று ஆற்றிய ஒரே பணி.

புனே வீட்டில் பையனின் அம்மாதான் கதவைத் திறந்தார். சின்ன உருவம், அளந்த சிரிப்பு. மனைவி மைசூர்பாகை நீட்டினாள்.

“நெய்யா?”

“நெய்தான்.”

இரண்டு பெட்டிகளும் சுவாமி அலமாரிக்கு முன்னால் போய் அமர்ந்தன. சோபாவின் நுனியில், பையனுக்கு எதிரே இருந்த மகள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை.

பையனின் அப்பா மட்டும் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் சாமான்கள் சுற்றி வரும் இடத்தில், எல்லார் பெட்டியும் வந்து தன் பெட்டி மட்டும் வராதவன் பார்ப்பானே, அந்தப் பார்வை. நெற்றியில் மெல்லிய திருமண், மழித்த முகம். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு எழுந்தார்.

“வாங்கோ, மாடியில தண்ணித் தொட்டி புதுசாக் கட்டியிருக்கோம். பாக்கலாம்.”

மாடியில் தொட்டியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குரல் தாழ்ந்தது. முப்பது வருஷப் புனே அந்தக் குரலிலிருந்து உதிர்ந்து விழுந்தது.

“அண்ணாச்சி, வேற ஒண்ணும் கொண்டு வரலியா?”

“வேறன்னா?”

“நான் உங்க ஊரு காலேஜ்ல மூணு வருஷம் படிச்சவன். தூத்துக்குடியிலருந்து ஆளு வாராங்கன்னதும், ஒரு வாரமா…” அவர் கண் என் தோள்பைக்குப் போனது.

தோளிலேயே கிடந்த பையைத் திறந்து, புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடியிலிருந்து உறையை எடுத்தேன். பாதி பொடியாகியிருந்தது. அவர் புத்தகத்தைத் தொட்டி மேல் வைத்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். பிறகு இருவருமாக உறையை விரித்துப் பிடித்து, பொடியை விரலால் தொட்டுத் தொட்டு நக்கித் தீர்த்தோம்.

கீழே வந்தபோது பையனின் அம்மா என் மீசையைப் பார்த்தார். அதில் வெள்ளைப் பொடி. பிறகு தன் கணவரின் மோவாயைப் பார்த்தார். அங்கும் வெள்ளைப் பொடி. மகள் முகம் அதைவிட வெளுத்தது. ஒரு வருஷக் காத்திருப்பு என் மீசையில் ஒட்டிக்கொண்டு நிற்பது எனக்கே தெரிந்தது.

“இல்லம்மா, அது வந்து… வெறும் வெள்ளைக்கருதான்…” என்று ஆரம்பித்தேன்.

“முட்டையச் சொல்றேளா?” என்றார் அவர். “ஆபீஸ் கேன்டீன்ல இவர் உள்ள தள்ளினது எனக்குத் தெரியாதாக்கும்? என் வீட்டு வாசலைத் தாண்டப்படாது, அவ்வளவுதான் என் சட்டம். மொட்டை மாடி வாசலுக்கு வெளியிலதான் இருக்கு.” கணவரைக் கையால் காட்டி, “இவருக்குச் சர்க்கரை இருக்கு. அதை யாராவது யோசிச்சேளா?”

விடியற்காலை முழுக்க நான் மக்ரூனில் தப்பான சாமானுக்குப் பயந்திருக்கிறேன்.

அவர் என் மனைவியின் பக்கம் திரும்பினார். “உங்களவருக்கு எப்படி?”

“இவுகளுக்கும் இருக்கு. சொன்னா எங்க கேக்காங்க?”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தம் அந்த இடத்தில்தான் நிச்சயமானது என்பது என் கருத்து. இருவரும் சமையலறைக்குள் போனார்கள். ஒரு வருஷமாக ‘ம்’ சொல்லாதவர் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் வெளியே வந்து, சுவாமி முன்னாலிருந்த மைசூர்பாகை எங்கள் இருவர் கைக்கும் எட்டாத மேல்தட்டில் ஏற்றிவிட்டு, தை மாதத்தில் நல்ல நாள் இருக்கிறதா என்று கணவரைப் பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்குச் சர்க்கரை போடாத காப்பி வந்தது. கொண்டுவந்தவள் மகள். குனிந்து டம்ளரை வைக்கும்போது என் காதருகே சொன்னாள்:

“வாயை வச்சிக்கிட்டு சும்மா இருங்கன்னு சொன்னேன்லா? தொடைங்கப்பா முதல்ல.”